ஆலங்கிணற்றில் போர் முடிந்த கதை

ஆலங்கிணறு என்ற ஊரில் ஐந்தாவது ஆள் முதன்முதலாகத் தரையை விட்டுக் கிளம்பியது ஒரு சந்தை நாளில், கருவாட்டுக் கடைக்கு முன்னால். கடைக்காரியோடு சேர்த்து நாலு பேர் நின்று நெத்திலிக்கு விலை பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு, தெற்கு பஜார் மளிகைக் கடைக்காரர் பையும் கையுமாக வந்து சேர்ந்தார், "நெத்திலி என்ன விலை" என்று கேட்டார், கேட்ட வாயை மூடுவதற்குள் ஒரு சாண் எழும்பினார், பிறகு ஒரு முழம் எழும்பினார், பிறகு வேட்டியைத் தொடையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவசரம் ஏதும் இல்லாமல், பக்கத்து வேப்பமரத்தின் உச்சிக்குச் சமமாகப் போய் நின்றுகொண்டார். கீழே இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கருவாட்டுக்காரிக்குக் கழுத்து வலித்தது.

"அண்ணாச்சி, நெத்திலி வேணுமா வேண்டாமா? சொல்லிட்டுப் போங்க," என்றாள்.

ஊர் பெரிதாக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. அன்று காலையில்தான் தண்டோரா போட்டிருந்தார்கள், ஐந்து பேரோ அதற்கு மேலோ ஓரிடத்தில் கூடக் கூடாது, நூற்று நாற்பத்து நாலு தடை உத்தரவு அமலுக்கு வந்துவிட்டது என்று. சர்க்கார் சொன்னது நடந்துவிட்டதே என்பதுதான் ஜனங்களுக்குக் கொஞ்சம் புதிதாக இருந்தது. "குழாயில தண்ணி வரும்னு எத்தனை மட்டம் சொன்னான், வந்துச்சா? இது மட்டும் பாருங்க, சொன்ன அண்ணைக்கே வந்துட்டு," என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதே ஐந்தாவதாக ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, டம்ளரோடு மேலே போனார். அவருக்கு அங்கேயே இன்னொரு டீ நீட்டப்பட்டது.

உத்தரவுக்குக் காரணம் பஸ் ஸ்டாண்டு. புதிய பஸ் ஸ்டாண்டு வடக்கு பஜார் பக்கம் வருவதா, தெற்கு பஜார் பக்கம் வருவதா என்று ஊர் இரண்டாகி, வாய்ப்பேச்சு முற்றிக் கல் பறந்து, இரண்டு மிட்டாய்க் கடைகளின் கண்ணாடி பாட்டில்கள் உடைந்திருந்தன. இந்த மாதிரிச் சண்டையை ஒரு ஏட்டையா லத்தியை ஆட்டிக்கொண்டு போய் நின்றாலே தீர்த்திருக்கலாம். ஆனால் ஆலங்கிணற்றுக்கு அப்போது சப் கலெக்டராக வந்திருந்தவர் மெய்கண்டன் என்ற இளைஞர். டில்லியில் படித்தவர். போர் வந்தால் அரசு என்ன செய்யலாம், நெருக்கடி வந்தால் சட்டத்தை எவ்வளவு தூரம் ஒதுக்கி வைக்கலாம் என்று கனமான புத்தகங்கள் பலவற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, குடித்ததைக் காட்ட ஒரு நெருக்கடி வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர். மிட்டாய் பாட்டில் உடைந்த சத்தம் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அரசு என்றால் யார், குற்றாலிங்கம்?" என்று ஹெட் கிளார்க்கைக் கேட்டார். "இது சாதாரண நேரம் இல்லை என்று முடிவு செய்கிறவன் எவனோ, அவன்தான் அரசு."

"சரிங்க சார். எத்தனை காப்பி அடிக்கணும்?" என்றார் குற்றாலிங்கம்.

குற்றாலிங்கத்துக்கு இந்தப் பிறவியில் ஒரே கொள்கைதான் உண்டு: முன்மாதிரி இல்லாமல் எந்தக் காகிதமும் அடிக்கப்படக் கூடாது. எது எழுதுவதென்றாலும் பழைய காகிதக் கட்டை அவிழ்த்து, அதே மாதிரி முன்னால் எழுதியதை எடுத்து, தேதியையும் பெயரையும் மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் இருந்தது இருந்தபடி அடிக்க வேண்டும். இந்த ஆபீசில் கடைசியாகத் தடை உத்தரவு போட்டது எந்தக் காலத்திலோ நடந்த ஒரு சண்டையின்போது. எதிரி நாட்டின் பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. அந்தப் பழுப்புக் காகிதத்தைத்தான் குற்றாலிங்கம் டைப்பிஸ்ட் வடிவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். வடிவு இருந்ததை இருந்தபடி அடித்தாள், குற்றாலிங்கம் எழுத்துப்பிழை பார்த்தார், மெய்கண்டன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வடிவு அப்போது பிள்ளைத்தாய்ச்சி, வயிற்றுக்குள் பிள்ளை லேசாக அசைய ஆரம்பித்திருந்த நேரம், அவள் கவனம் முழுக்க அந்த அசைவில் இருந்தது.

இரண்டு மூன்று வாரத்தில் பஸ் ஸ்டாண்டு விவகாரம் சென்னைக்குப் போய்விட்டது, இனி அது திரும்பி வர வருஷங்கள் ஆகும் என்று ஊருக்கும் தெரிந்துவிட்டது, கல் எறிந்தவர்களே உடைந்த பாட்டிலுக்குப் பதில் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். மெய்கண்டனும் உத்தரவை ரத்து செய்தார். ரத்து ஆகிவிட்டதா என்று பார்க்க நாலு குமாஸ்தாக்களை ஒன்றாக நிற்க வைத்துவிட்டு பியூனைக் கூப்பிட்டார்கள். பியூன் வந்தான், கும்பிட்டான், கும்பிட்டபடியே மேலே போய் ஃபேன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். அப்போதுதான் அந்த உத்தரவை எல்லாரும் முதன்முதலாகப் படித்துப் பார்த்தார்கள். கடைசி வரியில் இருந்தது: "இந்த உத்தரவு போர் முடியும் வரை அமலில் இருக்கும்."

"எந்தப் போர்?" என்று மெய்கண்டன் கேட்டார்.

"அந்த எடத்தைக் கரையான் தின்னுட்டு சார்," என்றார் குற்றாலிங்கம்.

மேலே எழுதிக் கேட்டார்கள். மேலே இருந்தவர்கள் அதற்கும் மேலே எழுதிக் கேட்டார்கள். கடைசியில் பதில் வந்தது: தற்போது போர் எதுவும் நிலுவையில் இல்லை; இல்லாத போரை முடித்து வைக்க விதிகளில் இடமில்லை. அப்படியானால் ஒரு போரை நடத்தி முடித்துவிடுவோம் என்று ஊர்ப் பெரியவர்கள் யோசனை சொன்னார்கள். வடக்கு பஜாரிலிருந்து இரண்டு பேரும் தெற்கு பஜாரிலிருந்து இரண்டு பேரும் மைதானத்தில் இறங்கி, ஆளுக்கொரு குடையால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். நாலு பேருக்கு மேல் போருக்கு ஆள் சேர்க்க வழியில்லை. போரைப் பார்வையிட வந்த மெய்கண்டன் ஐந்தாவது ஆளாகி மேலே போய், அங்கிருந்தபடியே சமாதானத்தை அறிவித்தார். அறிவித்த பிறகும் அவர் இறங்கவில்லை. குடைகள் வீணானதுதான் மிச்சம்.

அதன் பிறகு ஆலங்கிணறு என்ன செய்ததென்றால், பழகிக்கொண்டது. எதற்குத்தான் அது பழகிக்கொள்ளவில்லை, தண்ணீர் இல்லாததற்குப் பழகியது, கரண்ட் இல்லாததற்குப் பழகியது, ஐந்தாவது ஆள் அந்தரத்தில் நிற்பதற்குப் பழகுவதா கஷ்டம். காற்றுக்கு ஒரு நியாயம் இருந்தது: ஒரு மாட்டுவண்டியைச் சுற்றி நிற்கிற தூரத்துக்குள் முதலில் வந்த நாலு பேர் தரையில் இருப்பார்கள், அப்புறம் வந்தவர் யாரானாலும் மேலே போவார், தரையில் ஒருவர் கிளம்பினால் மேலே இருப்பவர்களில் முன்னால் வந்தவர் ஆடி அசைந்து இறங்குவார். கல்லை மடியில் கட்டிப் பார்த்தார்கள், கல்லும் சேர்ந்து போனது. இரும்புக் கடைக்காரர் தூணைக் கட்டிப் பிடித்துப் பார்த்தார், கால் மேலும் தலை கீழுமாக ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டுச் சட்டத்தோடு மல்லுக்கட்டக் கூடாது என்று விட்டுவிட்டார்.

முதலில் வந்தவனுக்குத்தான் தரை என்று ஆன பிறகு, ஆலங்கிணற்றில் யாருமே நேரம் தவறவில்லை. ஒன்பது மணி முகூர்த்தத்துக்குப் பதினொரு மணிக்கு வந்து மொய் எழுதுகிற சொந்தக்காரர்கள் விடிந்ததும் விடியாததுமாக மண்டபத்தில் வந்து நின்றார்கள். அரசியல் தலைவர்கள் பாடுதான் திண்டாட்டமாகப் போயிற்று. கூட்டம் சேர்ந்த பிறகு கடைசியாக வருவதுதானே அவர்கள் வழக்கம், அப்படி வந்த ஒரு தலைவர் மாலையும் கழுத்துமாக மேடைக்கு மேலே மேலே போய், மைக் வயர் எட்டாத உயரத்தில் நின்று கையை ஆட்டினார், கீழே இருந்தவர்கள் அதைப் பேச்சின் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு கலைந்து போனார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் மூன்று பிள்ளைகளும் தரையில், மற்ற பிள்ளைகள் எல்லாம் முதுகு கூரையில் முட்ட வரிசையாக மேலே. ஓட முடியாது, ஒளிய முடியாது, ஒருத்தன் ஸ்லேட்டை ஒருத்தன் பார்த்து எழுதினாலும் கீழே இருந்தே தெரியும். வாத்தியார்கள் இதைவிட நல்ல உத்தரவு சர்க்கார் போட்டதே இல்லை என்றார்கள்.

வடிவின் புருஷன் பலவேசம் பஸ் கண்டக்டர். ஊர் எல்லைக்குள் வந்ததும் டிரைவரும் அவனும் முன்னால் ஏறிய இரண்டு பேரும் சீட்டில் இருப்பார்கள், மற்ற பிரயாணிகள் பஸ்ஸின் கூரையோடு ஒட்டிக்கொள்வார்கள், பலவேசம் டிக்கெட்டை ஒரு குச்சி நுனியில் செருகி நீட்டுவான். உட்கார இடம் இல்லை என்ற சண்டையே பஸ்ஸில் ஒழிந்துவிட்டது என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். கை மாற்றுவது என்ற ஒரு வழியையும் அவன்தான் கண்டுபிடித்தான் என்பார்கள். வெளியே போகிறவர் உள்ளே வருகிறவர் கையைத் தொட்டு, "என் எடத்துல நீ இரு" என்று சொல்லிவிட்டுப் போனால், காற்று அதை ஏற்றுக்கொண்டது, வந்தவர் போனவருடைய இடத்தில் தரையிலேயே நின்றார். ஆபீசில் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது மற்றவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது மாதிரிதான். பந்தியில், வாசலில், ரேஷன் கடையில் எல்லாரும் கை மாற்றிக் கை மாற்றி, ஊருக்கு ஒரு புது மரியாதையே வந்துவிட்டது.

மெய்கண்டன் இதையெல்லாம் எழுதி மேலே அனுப்பினார். பஸ் நேரத்துக்கு வருகிறது, கூட்டங்கள் நேரத்துக்குத் தொடங்குகின்றன, கலவரம் இல்லை, கூச்சல் இல்லை. பாராட்டுக்கு மேல் பாராட்டு வந்தது. ரத்து செய்ய வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு மறந்து போயிற்று. ஆபீசுக்கு ஆபீசர்தான் கடைசியாக வருவார், ஆகையால் குற்றாலிங்கமும் வடிவும் இரண்டு குமாஸ்தாக்களும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த அறையில் தினமும் அவரே மேலே போனார், போகப் போக அது அவருக்குப் பிடித்தும் போயிற்று. ஃபேனைக் கழற்றிவிட்டு உத்தரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடிக்கச் சொன்னார், புத்தகங்களை அங்கே அடுக்கிக்கொண்டார். காகிதங்களைக் குற்றாலிங்கம் மாங்காய் பறிக்கிற தொரட்டியில் கவ்வி மேலே நீட்டுவார், கையெழுத்தாகிக் கீழே வரும். அரசு கொஞ்சம் உயரத்தில் இருப்பதுதான் முறை என்று மெய்கண்டன் ஒரு கட்டுரைகூட எழுதத் தொடங்கியிருந்தார்.

ஊரில் இந்த உத்தரவு ஒழிய வேண்டும் என்று நினைத்தவள் வடிவு ஒருத்திதான்.

அவளுக்கு மாதம் ஏற ஏற பயமும் ஏறியது. பெரியவர்கள் முந்திப் போய் இடம் பிடிக்கலாம். பிறக்கப் போகிற பிள்ளை யாரை முந்தும்? இந்த உலகத்துக்கே அது கடைசியாகத்தானே வரப் போகிறது. மூன்று பேர் நிற்கிற இடத்துக்கு ஒரு தாய் இடுப்பில் பிள்ளையோடு போனால், தாய் நாலாவது, பிள்ளை ஐந்தாவது. ஊரில் கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் ஒரு நூல்கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தங்கள் கையில் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கோயில் வாசலில் தாய்மார்கள் நின்று பேசும்போது, மேலே பிள்ளைகள் காற்றில் மோதிக்கொண்டு அழுதன. அதைப் பார்க்கிறபோதெல்லாம் வடிவுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் போல இருந்தது.

"என் பிள்ளையை ஆட்டுக்குட்டி கட்டுத மாதிரி கட்ட மாட்டேன்," என்று மாமியார் ஆவுடையம்மாளிடம் சொன்னாள்.

"ஊருல எல்லாப் பிள்ளையும் அப்படித்தானட்டி வளருது? உன் பிள்ளைக்கு மட்டும் என்ன?" என்றாள் ஆவுடையம்மாள். "கீழே விழுந்து முட்டி பேக்காது, மண்ணைத் தின்னாது. நல்லதுதான்."

"மண்ணைத் தின்னட்டும் அத்தை. முட்டி பேக்கட்டும். நாலு பேர் இருக்குத எடத்துல எம் பிள்ளை மடியில இருக்கணும்."

பலவேசம், "நீதானே அடிச்சே, நீயே இன்னொண்ணு அடிச்சு மாத்திரு," என்று சிரித்துக்கொண்டே சொல்லி, அன்று ராத்திரி சோறு இல்லாமல் படுத்தான்.

வடிவு லீவில் போவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மெய்கண்டன் புதிதாக ஒரு உத்தரவுக்குக் குறிப்பு எழுதிக் கீழே அனுப்பினார். ஐந்து பேர் கூடக் கூடாது என்றதற்கே ஊர் இவ்வளவு திருந்தியிருக்கிறதே, இரண்டு பேர் கூடக் கூடாது என்றால் எவ்வளவு திருந்தும். இரண்டு பேரோ அதற்கு மேலோ என்று மாற்றி உடனே அடிக்க வேண்டியது. வடிவு குறிப்பைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு, இடுப்பில் கையை ஊன்றி எழுந்து, அண்ணாந்து பார்த்தாள்.

"சார், இதுல நீங்க கையெழுத்துப் போட்டா நானும் எம் பிள்ளையும் ரெண்டு பேர் சார்."

மெய்கண்டன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு யோசித்தார். கெட்ட மனுஷர் இல்லை, உயரத்தில் இருந்தார், அவ்வளவுதான். "உண்மைதான். பிரசவத்துக்குப் பிறகு விலக்குக் கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். நான் பரிவோடு பரிசீலிக்கிறேன்," என்றார்.

"பால் குடுக்கதுக்கு விண்ணப்பமா சார்?"

"ஒவ்வொரு முறைக்கும் வேண்டாம். மாதம் ஒன்று போதும்."

வடிவு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் குறிப்பை மெஷினுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்ததைக் குற்றாலிங்கம் பார்த்தார். முப்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ ஆபீசர்களைப் பார்த்தவர், ஒருவருக்கும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவர். அன்றும் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய கொள்கையைத்தான் சொன்னார்.

"முன்மாதிரி பாக்கணும் சார்."

"பாருங்கள்," என்றார் மெய்கண்டன்.

குற்றாலிங்கம் அந்தப் போர்க்காலக் கட்டை முழுவதுமாக அவிழ்த்து, தும்மிக்கொண்டே ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். விளக்கு அணைக்கச் சொல்லி உத்தரவு இருந்தது, ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொல்லி உத்தரவு இருந்தது, வானொலிப் பெட்டியை மெதுவாக வைக்கச் சொல்லி இருந்தது. சாயந்தரம் வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு பேர் கூடப்படாதுன்னு போட்டதா முன்மாதிரி இல்லை சார். குண்டு போடுத காலத்துலகூட யாரும் போடலை. அதனால அடிக்க முடியாது. ஆனா வரிசைப்படி அடுத்த காகிதம் ஒண்ணு இருக்கு." தொரட்டியில் கவ்வாமல் கையிலேயே வைத்துக்கொண்டு படித்தார். "போர் முடிவுற்றதால் மேற்படி தடைகள் அனைத்தும் நீங்குகின்றன. பொதுமக்கள் யாவரும் மைதானத்தில் கூடி மகிழ வேண்டியது."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"யாரும் கேக்கலையே சார்," என்றார் குற்றாலிங்கம். அது உண்மை. கேட்காத காகிதத்தை எடுத்துக் கொடுக்கிற பழக்கம் அந்த ஆபீசில் கிடையாது.

வடிவு அதற்குள் அந்தப் பழுப்புத் தாளைக் குற்றாலிங்கத்தின் கையிலிருந்து வாங்கி, மெஷினில் காகிதம் செருகி, அடிக்க ஆரம்பித்துவிட்டாள். மெய்கண்டன் மேலிருந்து, தன் கைப்பட எழுதியதை அடிக்கும்படி சொன்னார், பிறகு உரக்கச் சொன்னார், பிறகு சஸ்பென்ட் செய்வேன் என்றார். வடிவு கடைசி வரியை அடித்து முடித்து, காகிதத்தை உருவிக் குற்றாலிங்கத்திடம் கொடுத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டாள். வலி வந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் ஜீப் பஞ்சர். எதிர்த்தாற்போல் இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஜெபமணி ஓடி வந்தாள், வந்து பார்த்தவள் இனி எங்கேயும் தூக்கிக்கொண்டு போக நேரமில்லை, இந்த மேஜைதான் கட்டில் என்று சொல்லிவிட்டாள். அறையில் வடிவோடு குற்றாலிங்கமும் இரண்டு குமாஸ்தாக்களும் இருந்தார்கள். ஒரு குமாஸ்தா ஜெபமணியிடம் கை மாற்றிவிட்டு வெளியே போனான். தகவல் கேட்டு ஆவுடையம்மாள் வந்தாள், இன்னொரு குமாஸ்தா அவளிடம் கை மாற்றினான். கடைசியாகக் குற்றாலிங்கம் கூட்டிப் பெருக்குகிற சண்முகத்தாயிடம் கை மாற்றிவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினார். ஒருவருக்கு ஒருவர் என்று கை மாற்றல் சரியாக நடந்துவிட்டதால் மெய்கண்டன் இறங்க வழியில்லாமல் மேலேயே நின்றுபோனார். குற்றாலிங்கம் அதை யோசித்துச் செய்தாரா, அவசரத்தில் செய்தாரா என்று அவரை யாரும் பிற்பாடு கேட்கவில்லை.

"சார், அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க," என்றாள் ஜெபமணி.

மெய்கண்டன் சுவரைப் பார்த்துத் திரும்பி, நெருக்கடி கால அதிகாரங்கள் பற்றிய பெரிய புத்தகத்தை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். காதை மூட அவருக்கு மூன்றாவது கை இல்லை. கீழே வடிவு கத்தினாள், ஆவுடையம்மாள் ஊர்த் தெய்வங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டாள், ஜெபமணி ஏசுவைக் கூப்பிட்டாள், சண்முகத்தாய் வடிவின் தோளைத் தாங்கிக்கொண்டு, "இந்தா வந்துட்டு, இந்தா வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மெய்கண்டன் தன் வாழ்க்கையில் இவ்வளவு அருகில் யாருடைய வேதனையையும் கேட்டதில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. கொடி அறுக்கும் வரை தாயும் அதுவும் ஒரே ஆளாக இருந்தார்கள், ஜெபமணி கொடியை அறுத்த மாத்திரத்தில் அது அறைக்குள் கடைசியாக வந்த ஆளாகிவிட்டது. துணியை எடுக்க ஜெபமணி திரும்பினாள், திரும்பிப் பார்க்கும்போது கையில் பிள்ளை இல்லை. ஈரத்தோடும் அழுகையோடும் மெதுவாக மேலே போய், சுவரைப் பார்த்து நின்றிருந்த மெய்கண்டனின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் திரும்பிப் பார்த்தார். புத்தகம் கை நழுவிக் கீழே விழுந்தது. இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகச் செய்தார். பிள்ளை அவர் சட்டையையும், சட்டைப் பையில் இருந்த புது உத்தரவுக் குறிப்பின் நகலையும் ஒரேயடியாக நனைத்தது.

கீழே மேஜையிலிருந்து வடிவு இரண்டு கையையும் நீட்டினாள். எட்டவில்லை.

"ரெண்டு பேர் வெளிய போவோம் நர்ஸம்மா, பிள்ளை எறங்கிரும்," என்று ஆவுடையம்மாள் சண்முகத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு நடந்தாள்.

"யாரும் போகாதீங்க," என்றாள் வடிவு.

"என்னட்டி சொல்லுதே?"

"போகாதீங்க அத்தை." குரல் பலவீனமாக இருந்தது, ஆனால் அறையில் எல்லாருக்கும் கேட்டது. "இண்ணைக்கு நீங்க ரெண்டு பேரும் போவீங்க. நாளைக்கு இவளுக்குச் சோறூட்டும்போது யாரு வெளிய போறது? பள்ளிக்கூடத்துல யாரு போறது? இவ கல்யாணத்துல நான் போய் வாசல்ல நிக்கவா? எம் பிள்ளை வந்ததுக்காக யாரும் எந்திரிச்சுப் போக வேண்டாம். சார், அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடுங்க."

மெய்கண்டன் வாயைத் திறந்தார். சென்னையைக் கேட்க வேண்டும், சென்னை டில்லியைக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் திறந்தார். அவர் படித்த புத்தகங்களில் நெருக்கடியைத் தொடங்குகிறவனைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக இருந்தது, அதை முடித்து வைக்கிறவனைப் பற்றி ஒரு அடிக்குறிப்புகூட இருந்ததாக அவருக்கு நினைவு வரவில்லை. பிள்ளை அழுதது. தாயின் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பித் திருப்பி அழுதது. தன் கையில் இருப்பது தனக்குரியது இல்லை என்பது அவருக்கு அந்த நேரத்தில் நன்றாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"குற்றாலிங்கம்," என்றார்.

கதவு ஒரு சாண் திறந்தது. தொரட்டி மட்டும் உள்ளே வந்தது, நுனியில் காகிதமும் பேனாவும் இருந்தன. மெய்கண்டன் பிள்ளையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, காகிதத்தைச் சுவரில் வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். தொரட்டி வெளியே போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஆவுடையம்மாள் பல்லைக் கடித்தாள்.

"இன்னும் சீல் வைக்கலை, பொறுங்க," என்று வெளியே குற்றாலிங்கத்தின் குரல் கேட்டது. தொடர்ந்து ரப்பர் முத்திரை மேஜையில் விழுகிற சத்தம்.

அறையில் இருந்த காற்று ஒரு தரம் பெருமூச்சு விட்டது போல இருந்தது. சப் கலெக்டர் பிள்ளையோடு மெதுவாக, மிக மெதுவாக இறங்கி வந்து, செருப்பில்லாத காலைத் தரையில் ஊன்றினார். தரையில் நின்று பழக்கம் விட்டுப் போயிருந்ததால் தள்ளாடினார், சண்முகத்தாய் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இரண்டு எட்டு நடந்து போய், பிள்ளையை வடிவின் நெஞ்சின் மேல் வைத்தார்.

வடிவு பிள்ளையை அணைத்துக்கொண்டாள். அது மேலே போகவில்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தை, இவ கனமா இருக்கா அத்தை."

"பிள்ளைன்னா கனக்கத்தாம்ட்டி செய்யும்," என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாளும் அழுதாள்.

வெளியே தெருவெங்கும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்கு மேலே இருந்தவர் டம்ளரோடு இறங்கினார், பஸ்ஸின் கூரையில் இருந்தவர்கள் ஒருவர் மடியில் ஒருவராக இறங்கினார்கள், வடக்கு பஜார்க்காரர் ஒருவர் தெற்கு பஜார்க்காரர் ஒருவரின் காலில் இறங்கி, "கண்ணு தெரியலையாவே?" என்று ஆரம்பித்து, ஐந்து பேர் சேர்ந்து, பத்துப் பேர் சேர்ந்து, ஐம்பது பேர் சேர்ந்து பஸ் ஸ்டாண்டு வடக்கேதான் வர வேண்டும், தெற்கேதான் வர வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். எத்தனையோ மாதமாகச் சேர்த்து வைத்த கத்தல். மெய்கண்டன் ஜன்னலைத் திறந்து பார்த்தார். குற்றாலிங்கம் பக்கத்தில் வந்து, போலீசுக்குச் சொல்லவா என்று கேட்டார். வேண்டாம், கத்தி முடிக்கட்டும் என்றார் மெய்கண்டன்.

அப்போது பலவேசம் காக்கிச் சட்டையோடு உள்ளே ஓடி வந்தான். அவன் பின்னால் டிரைவர் வந்தார், அந்த இரண்டு குமாஸ்தாக்கள் வந்தார்கள், கருவாட்டுக்காரி வந்தாள், பிள்ளை பிறந்தது தெரிந்து சண்டையை நடுவில் விட்டுவிட்டு வடக்கு பஜாரும் தெற்கு பஜாரும் வந்தன. அறை நிரம்பி, வாசல் நிரம்பி, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் கை மாற்ற நினைவில்லை, யாரும் எண்ணவும் இல்லை.

"பச்சைப் பிள்ளைக்குக் காத்து வேண்டாமா? எல்லாரும் வெளிய போங்க," என்று ஆவுடையம்மாள் விரட்டினாள்.

"இருக்கட்டும் அத்தை," என்றாள் வடிவு. பிள்ளையின் முகத்திலிருந்து துணியை விலக்கி எல்லாரும் பார்க்கும்படி கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். "நெருங்கி வந்து பாக்கட்டும்."